எடுத்தாச்சு

போட்டோ பிளம்பர் வீடு எது என்று கேட்டால்தான் அந்தத் தெருவில் கைகாட்டுவார்கள். வெறும் பிளம்பர் என்றால், எந்த பிளம்பர் என்று திருப்பிக் கேட்பார்கள். சுவரைக் கொத்திக் குழாயைப் பதித்து முடித்ததும், கொத்தனார் பூசுவதற்கு முன்னால், டேப்பைச் சுவரின் குறுக்கே இழுத்து ஆணியில் மாட்டி ஒரு படம் எடுப்பார். நெடுக்கே மாட்டி இன்னொரு படம். மூலையிலிருந்து எத்தனை அங்குலம், தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று படத்தைப் பெரிதாக்கிப் படித்துக்கொள்ளலாம். சுவரைப் பூசி, வண்ணம் அடித்து, ஆள் குடிவந்து, ஐந்து வருடம் கழித்து யாராவது ஒரு கண்ணாடி மாட்ட வேண்டும் என்று போன் செய்தால், "மூலையிலேர்ந்து இருபத்திரண்டு அங்குலம் தள்ளி அடிங்க, ஒண்ணும் ஆகாது" என்று இவர் வீட்டில் சாய்ந்து உட்கார்ந்தபடியே சொல்வார். அது ஒரு தடவையும் தப்பியதில்லை. மற்ற பிளம்பர்களுக்கு இதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு. "நாமெல்லாம் குழாய் போடறோம், அவர் குழாய்க்கு ஆல்பம் போடறார்" என்பார்கள்.

அந்த ஆல்பத்தைக் கட்டிக் காத்தது அவருடைய மனைவி. வக்கீல் ஆபீசில் இருபது வருடமாக டைப்பிஸ்ட். பிளம்பருடைய போன் வாங்கின அன்றைக்கே பாதி நிறைந்துபோகிற ரகம். படத்தை மேலே எங்கேயோ ஏற்றிவைக்கிற வசதியெல்லாம் அவருக்கு ஒத்துவரவில்லை. "என் சுவரை ஊர் தெரியாதவன்கிட்ட ஏன் குடுத்து வைக்கணும்" என்று அதை அணைத்துவிட்டார். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில், முதல் டீ குடித்த கையோடு, அவள் போனை ஒயர் போட்டு வீட்டுக் கம்ப்யூட்டரில் இணைப்பாள். அந்த வாரத்துப் படங்களை எல்லாம் உள்ளே இழுப்பாள். ஒவ்வொன்றுக்கும் பெயர் அடிப்பாள்: ரொட்டிக்கடை மாடி, குளியலறை, ஜன்னல் பக்கச் சுவர், குறுக்கு. அடுத்தது நெடுக்கு. போனில் எத்தனை, கம்ப்யூட்டரில் எத்தனை என்று இரண்டு பக்கமும் எண்ணுவாள். இரண்டும் ஒத்துவந்தால், உட்கார்ந்த இடத்திலிருந்தே கொல்லைப்பக்கம் பார்த்து, "எடுத்தாச்சு" என்று குரல் கொடுப்பாள். அவர் வந்து போனில் இருப்பதை அழிப்பார்.

அவள் அழிக்கிற வேலையைத் தொடவே மாட்டாள். அவர் அந்த ஒரு வார்த்தையைக் கேட்காமல் அழிக்கவே மாட்டார். ஆபீசில் வக்கீல் கையெழுத்துப் போட்டால்தான் காகிதம் வெளியே போகும். வீட்டில் இவள் வாய் திறந்தால்தான் படம் போனை விட்டுப் போகும். எட்டு வருடம் இப்படியே நடந்தது. அவள் அந்தக் கட்டிடங்களில் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. ஆனால் ஊரில் பாதிச் சுவர்களின் உள்ளே என்ன ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியும்.

அந்த வருடம் பல் டாக்டரம்மாவின் புது கிளினிக் வேலை வந்தது. இரண்டாவது மாடி, ஏழு அறை. நாற்காலிக்கு நாற்காலி தண்ணீர் போக வேண்டும், வர வேண்டும். கருவிகளைக் கழுவுகிற பின்னறைக்குச் சூட்டுக் குழாய் வேறு. அவசர வேலை என்று ஞாயிறும் கூப்பிட்டார்கள். ஒன்பது ஞாயிறு போன் அவரோடு வேலைக்குப் போயிற்று. "இந்த வாரம் எப்படியும் எடுத்துடலாம்" என்று ஒன்பது வாரமும் சொல்லிக்கொண்டார்கள். தும்பை விட்ட கதை அங்கேதான் தொடங்கியது. அது அப்போது யாருக்கும் தெரியவில்லை.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் அவர் போனைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்துவிட்டு, "இன்னிக்கு எப்படியும் எல்லாத்தையும் எடுத்துடும்மா, போன் மூச்சு முட்டுது" என்றார். அவளும் உட்கார்ந்தாள். கம்ப்யூட்டர் அன்றைக்கென்று பார்த்துத் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளக் கிளம்பி, முப்பது சதவீதத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. சோறு வடித்து, முட்டை பொரித்து, சாப்பிட்டுக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தாள். முப்பத்தொன்று. விட்டுவிட்டுப் படுத்தாள். காலையில் அவள் குளித்துவிட்டு வருவதற்குள் அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். கிளம்பும்போது, "கோர்ட்டு அட்டைக்குப் போட்டோ எடுக்கணும்னியே, சீக்கிரமே போயிடு, அப்புறம் கூட்டம் சேர்ந்துடும்" என்று மட்டும் கதவுக்கு வெளியிலிருந்து சொன்னார்.

அவள் அப்படியே போனாள். ஆபீசில் எல்லோருக்கும் புது அடையாள அட்டை. அதற்குச் சின்னப் படம் எட்டு வேண்டும். ஸ்டூடியோக்காரர் தாடையை இப்படித் திருப்புங்க, அப்படித் திருப்புங்க என்று நாலு தடவை திருப்பிவிட்டு, தும்மல் வருகிற நேரமாகப் பார்த்து அமுக்கினார். உறையை வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது மழை தூறியது. அப்போதுதான் அவரிடமிருந்து போன் வந்தது. பின்னால் கலவை மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"போட்டோல்லாம் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சுங்க."

"சரியா வந்திருக்கான்னு பாத்தியா?"

"பாத்தேன். ஆனா கண்ணுதான் கொஞ்சம்..."

"பாத்துட்டல்ல, போதும். இங்க கொத்தனார் கரண்டியோட நிக்கறார். வச்சுடறேன்."

கண் பாதி மூடின படத்துக்கு மனுஷன் இவ்வளவு அக்கறைப்பட்டுக் கேட்கிறாரே என்று அவளுக்கு அன்று முழுக்க மனசு நிறைந்திருந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சாயங்காலம் அவர் வந்து கைகால் கழுவி டீயோடு உட்கார்ந்ததும் அவள் ஒயரைக் கையில் எடுத்தாள்.

"போனைக் குடுங்க. கம்ப்யூட்டர் சரியாயிடுச்சு. இன்னிக்காவது எடுத்துடறேன்."

"எதை?"

"சுவர்ப் படத்தைத்தான்."

அவர் டீயைக் கீழே வைத்தார். "காலையில எடுத்தாச்சுன்னியே."

"அது என் போட்டோ. நீங்கதானே போய் எடுன்னீங்க."

"நான் சுவரைக் கேட்டேன்."

"நான் என் மூஞ்சியைச் சொன்னேன்."

ஒயரைச் சுருட்டி மேஜைமேல் வைத்தாள். பிறகு அவள் மெதுவாக, "அழிச்சுட்டீங்களா?" என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். "குப்பைத் தொட்டியில இருக்குமே, ஒரு மாசம் வச்சிருக்கும்" என்றாள். "அதையும் காலி பண்ணினாத்தான் இடம் வரும்னு சொல்லுச்சு. பண்ணிட்டேன்" என்றார். இடமும் வந்தது. அந்த இடத்தில் அன்றைக்கு வேறொரு கட்டிடத்தில் நூற்றுப்பத்துப் படம் புதிதாக எடுத்திருந்தார்.

அறைக்குள்ளிருந்து மகள் வெளியே வந்தாள். கல்லூரியில் படிக்கிற பெண். வீட்டில் நடப்பது எல்லாவற்றுக்கும் ஒரு தீர்ப்பு வைத்திருப்பாள். "ரெண்டு பேரும் சரியாத்தான் பேசியிருக்கீங்க. படத்தை எடுன்னா புதுசா எடுக்கறதும் எடுக்கறதுதான், இருக்கறதை அள்ளிட்டு வர்றதும் எடுக்கறதுதான், இல்லாம ஆக்கறதும் எடுக்கறதுதான். இதுல அம்மா என்ன பண்ணுவாங்க" என்றாள். யாரும் அதைப் பாராட்டுகிற நிலையில் இல்லை. "உள்ள போய்ப் படி" என்றார் அவர்.

மறுநாள் போன் ரிப்பேர் கடைக்குப் போனார். கடைக்காரர் ஒரு மணிநேரம் எதையோ ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "அழிச்சீங்க, சரி. குப்பையைக் கொட்டினீங்க, அதுவும் சரி. அதுக்கு மேலயே புதுசா எழுதியிருக்கீங்களே அண்ணே. இனிமே தலைமுழுகிட வேண்டியதுதான்" என்றார். பழைய சுவர்கள் எல்லாம் பத்திரமாகக் கம்ப்யூட்டரில் இருந்தன. போனது அந்த ஒன்பது வாரம்தான். அந்த ஒன்பது வாரமும் பல் கிளினிக்.

அன்று மத்தியானமே டாக்டரம்மா போன் செய்துவிட்டார். வெள்ளிக்கிழமை கார்ப்பெண்டர் வருகிறார், பின்னறைச் சுவரில் கருவி அலமாரி மாட்ட வேண்டும், நீங்கள் வந்து எங்கே துளைக்கலாம் என்று காட்டிவிட்டுப் போங்கள் என்றார். இவர், "வந்துடறேங்க" என்றார். வேறு என்ன சொல்ல முடியும். பீப் அடித்துக் காட்டுகிற கருவி ஒன்று உண்டு. அது இரும்பைத்தான் கண்டுபிடிக்கும். இவர் போட்டது பிளாஸ்டிக் குழாய்.

இரண்டு நாள் வீட்டில் பேச்சு இல்லை. பேச்சு இல்லை என்றால் இவர்களுக்குள் இல்லை. மற்றபடி அவர் பேசிக்கொண்டுதான் இருந்தார். புதன்கிழமை சாயங்காலம் தன் அண்ணனோடு போனில் பேசும்போது, "நான் என்னண்ணே பண்றது, இவ எடுத்தாச்சுன்னு சொன்னா, நம்பி அழிச்சேன்" என்றார். அவள் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். இருபது வருடத்தில் வக்கீலுக்கு அவள் ஒரு எழுத்து தப்பாக அடித்துக் கொடுத்ததில்லை. எட்டு வருடத்தில் ஒரு சுவரைத் தொலைத்ததில்லை. இப்போது மச்சினருக்குத் தெரியும், நாளைக்கு ஓரகத்திக்குத் தெரியும், வெள்ளிக்கிழமை டாக்டரம்மாவுக்கும் தெரியும். போட்டோ பிளம்பர் பெண்டாட்டி போட்டோவைத் தொலைத்தாள் என்று சொல்வார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஆபீசில் பக்கத்து மேஜைக்காரி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சுவர் இருந்தாத்தான் சித்திரம்பாங்க, உங்க வீட்ல சுவர் இருக்கு, சித்திரம்தான் போச்சு" என்று சிரித்தாள். இவளும் சிரித்து வைத்தாள்.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "உன் கை வேணும்" என்றார்.

"இருபத்திமூணு வருஷம் முன்னாடி கேட்டீங்க, குடுத்தாச்சு" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. "சூட்டுக் குழாயில வெந்நீரை ஓடவிட்டா, பூச்சுக்கு மேல லேசா சூடு தெரியும். கை வச்சுப் பாத்தாக் கண்டுபிடிச்சுடலாம். என் கைக்குத் தெரியாது." உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். காட்டவே தேவையில்லை, குழாய் ஒட்டுகிற பசையும் சிமெண்டும் தின்று தின்று அது மரத்துப்போய் வருடக்கணக்காகிறது. அடுப்பிலிருந்து சட்டியைத் துணி இல்லாமல் இறக்குகிற கை. "நீ டைப் அடிக்கற கை. உனக்குத் தெரியும்."

அவள் எழுந்து தட்டை எடுத்தாள். காலையில் ஆபீசுக்கு அரைநாள் லீவு சொன்னாள்.

கிளினிக் படியேறும்போது அவள் மனசுக்குள் வாதத்தை அடுக்கிக்கொண்டே போனாள். வக்கீல் ஆபீஸ் பழக்கம். அவர் வாயைத் திறந்து 'இவள் சொன்னாள்' என்று ஆரம்பித்தால், கம்ப்யூட்டர் முப்பத்தொரு சதவீதத்தில் நின்றது முதல் கண் பாதி மூடின படம்வரை வரிசையாகச் சொல்லிவிட வேண்டும். அந்தப் படத்தைக்கூடப் பையில் வைத்திருந்தாள், சாட்சிக்கு.

கிளினிக் முழுக்கப் புது வண்ண வாசனை. வெளியே இரண்டு நாள் மழை. சுவரெல்லாம் ஈரக் குளிர்ச்சியாக இருந்தது. பின்னறையில் கார்ப்பெண்டர் அலமாரியைத் தரையில் சாய்த்து வைத்து, சுவரில் நாலு இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுவிட்டு, டிரில்லைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா கையுறையோடு வந்தார்.

"வாங்க. எங்க, உங்க புகழ்பெற்ற போட்டோவைக் காட்டுங்க. கார்ப்பெண்டர் நம்பவே மாட்டேங்கறார்."

"அது போச்சுங்க" என்றார் அவர்.

"போச்சுன்னா? எப்படிப் போச்சு?"

அவள் பையின் வாயைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. சுவரைத்தான் பார்த்தார்.

"நான்தாங்க அழிச்சேன். கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சான்னு சரியா கேக்காம, போன்ல இடம் வேணும்னு அழிச்சுட்டேன். குப்பையையும் நானே கொட்டினேன். இவங்க என் வீட்டுக்காரி, கை வச்சுப் பாக்கறதுக்கு வந்திருக்காங்க."

டாக்டரம்மா, "அடடா" என்றார். அவ்வளவுதான். அடுத்த வேலையைக் கேட்க ஆரம்பித்துவிட்டார். இவள் அடுக்கி வைத்திருந்த வாதம் முழுவதும் அடுக்கினபடியே கிடந்தது. அரை நிமிஷத்தில் முடிந்த விஷயம். மூன்று நாள் இதைச் சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. வெளி மனுஷர்கள் முன்னால் மளமளவென்று வந்துவிட்டது. நிம்மதி ஒரு பக்கம் வந்தது. அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது.

ஹீட்டரைப் போட்டு வெந்நீரை அரைமணி நேரம் ஓடவிட்டார்கள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் சுவரில் பதித்து, ஓரத்திலிருந்து அங்குலம் அங்குலமாக நகர்ந்தாள். குளிர், குளிர், குளிர். கார்ப்பெண்டர் பீடியைப் பற்றவைக்காமல் வாயில் வைத்துக்கொண்டு பார்த்தார். ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்ததும் அவள் நின்றாள். தூங்குகிற குழந்தையின் நெற்றி அளவுக்குச் சூடு.

"இங்க இருக்கு."

அவர் அவள் விரலோரம் பென்சிலால் புள்ளி வைத்தார். "மேல போ." போனாள். "அங்கேயும் இருக்கா?" "இருக்கு. இப்ப வலது பக்கம் திரும்புது." "ஆமா, அங்க ஒரு எல்போ போட்டேன்." அவள் கைக்குப் பின்னாலேயே பென்சில் வந்தது. எத்தனையோ சுவர்களுக்குப் பெயர் அடித்திருக்கிறாள். அவர் குழாய் பதித்த ஒரு சுவரைத் தொடுவது அவளுக்கு இதுதான் முதல் தடவை. இவ்வளவு சொரசொரப்பாக இருக்கும் என்று நினைத்ததில்லை. கால்மணியில் சூட்டுக் குழாய் முழுவதும் கோடாக வந்துவிட்டது. மூன்று பெருக்கல் குறி தப்பித்தது. நாலாவது, மேல் மூலையில், கோட்டுக்கு இடது பக்கம் ஒரு சாண் தள்ளி இருந்தது.

"பச்சைத் தண்ணிக் குழாய் எங்க போகுது?" என்று கார்ப்பெண்டர் கேட்டார்.

"சூட்டுக் குழாய்க்கு வலது பக்கம் ஒரு சாண் தள்ளிப் போடுவேன். எப்பவும் அப்படித்தான். ஆனா இங்க தூண் ஒண்ணு குறுக்க வந்துச்சு. அப்ப இடது பக்கம் திருப்பினேனா, என்னன்னு..." அவர் நிறுத்தினார். "எனக்குத் தெரியலைங்க."

"தெரியலைன்னு சொல்ற பிளம்பரை இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார் கார்ப்பெண்டர்.

டாக்டரம்மா, "உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டார்.

"வலதுன்னு தோணுது. தோணுறதுதான். பட்டா, சுவரை உடைச்சு நானே சரி பண்ணித் தர்றேன்."

டாக்டரம்மா சுவரைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "தண்ணியை அடைச்சுட்டு அடிங்க" என்றார்.

அவர் படிக்கட்டுத் திருப்பத்துக்கு இறங்கி வந்து வால்வை மூடினார். மேலே கார்ப்பெண்டர் எல்லாக் குழாயையும் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, மறுபடி இறுக்கி மூடினார். வால்வுக்குப் பக்கத்தில் மீட்டர் இருந்தது. அதன் கண்ணாடிக்குள் சிவப்பாக ஒரு சின்னச் சக்கரம். தண்ணீர் எங்காவது போனால் அது சுற்றும், எங்கும் போகாவிட்டால் நிற்கும். அவர் அதன் எதிரில் குந்தி உட்கார்ந்தார். அவளும் புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். மேலே டிரில் ஓடியது. நாலு தடவை ஓடி நின்றது. பிறகு சுத்தியல் சத்தம், பிறகு திருகுகிற சத்தம். "திறக்கலாம்" என்று கார்ப்பெண்டர் குரல் கொடுத்தார்.

அவர் வால்வைக் கொஞ்சமாகத் திருப்பினார். சக்கரம் விருட்டென்று சுற்றியது.

"குழாய் ரொம்பறதுக்கு அப்படித்தான் ஓடும்" என்றார். அவளுக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை.

"அங்க சொன்னதை என்கிட்ட ஒரு தடவை சொல்லுங்க" என்றாள் அவள்.

"எதை?"

"டாக்டரம்மாகிட்ட சொன்னதை."

"அதான் சொல்லிட்டேனே, நீயும் அங்கதானே நின்னே."

"டாக்டரம்மாவா உங்க பெண்டாட்டி? மூணு நாளா ஒரே வீட்ல இருக்கோம். உங்க அண்ணனுக்குப் போன் போட்டு என்ன சொன்னீங்க?"

சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரம் ஓடலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியாது. அவர் முகத்தைப் பார்த்தாள். அவருக்கும் தெரியாது போலிருந்தது. நெற்றியில் பூச்சுத் தூளும் வேர்வையும் சேர்ந்து ஒழுகிற்று.

"நான்தான் அழிச்சேன்" என்றார், சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு. பிறகு திரும்பி அவளைப் பார்த்தார். "உன் மேல ஒரு தப்பும் இல்ல. அழிச்சதும் நான், உன் தலையில கட்டினதும் நான். பயந்துட்டேன்."

"சாயங்காலம் அண்ணனுக்குப் போன் போடுங்க."

"போடறேன்."

"நான் பக்கத்துல உக்காந்திருக்கும்போது."

"சரிம்மா."

அவர் மறுபடி மீட்டரைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள்தான் பார்த்தாள். சக்கரம் தயங்கியது, அரைச் சுற்று வந்தது, கால் சுற்று வந்தது. அவள் பத்துவரை எண்ணினாள். ஆபீஸ் வழக்கப்படி இன்னொரு தடவை எண்ணிச் சரிபார்த்தாள்.

"எழுந்திருங்க" என்றாள். "அது நின்னு எவ்வளவு நேரமாச்சு."